கோட்டு எண் ஏழு

விமானிகள் பதினொரு பேர்.
அவர்களுக்கான குளிர்கால உடுப்பை வாங்குவது நான்.
எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது,
ஏறினாலே வாந்தி வரும்.

யானா ஆற்றங்கரை, டிசம்பர்,
பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தெட்டு.
கிடங்குக்குப் பின்னால் ஒரு மரநாற்காலி கிடக்கிறது.
மாதிரிக்கு வரும் கோட்டு ஒவ்வொன்றையும்
போட்டுக்கொண்டு அதில் ஒரு மணி நேரம் உட்காருவேன்.
பிறகு கையுறையோடு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும்.
கையுறையைக் கழற்றி ஒரு தீக்குச்சி உரச வேண்டும்.
பற்றினால் தேறியது.
மூன்றாவது குச்சியில்தான் பற்றியது என்றால்
விலையைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவேன்.

நிர்கூன் சிரிப்பான்:
"துயாரா, எங்கள் காக்பிட்டில் கோடைக்காலம்.
ஹீட்டரைப் போட்டுவிட்டு பனியனோடு ஓட்டுகிறோம்.
கோட்டு பின்னால் கொக்கியில் தொங்குகிறது."

எனக்கு அந்தக் கொக்கிதான் பயம்.
அதில் தொங்குவது விமானத்தின் கோட்டு.
விமானம் எரிந்தால் அதுவும் எரியும்.
உடம்பில் இருப்பது மட்டும்தான் உன்னுடையது.

ஆகவே தோலிலிருந்து தொடங்கினேன்.
பருத்தி வேண்டாம்.
வியர்வையைக் கடன் வாங்கி
ஐஸாகத் திருப்பித் தரும்.
மெல்லிய கம்பளி எடுத்தேன். அரிக்கிறது என்றார்கள்.
அரிக்கட்டும்.
அரிப்பு தெரிகிறவரை தோல் உயிரோடிருக்கிறது.

போன வருடத்து பூட்ஸ் என் பிழை.
வீடு மாதிரி கதகதப்பு,
வீடு மாதிரி அகலம்.
இறங்கும் நேரத்தில் எர்ச்சிமின் இடது கால்
பெடலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.
எப்படியோ பிடுங்கிவிட்டான்.
என்னைத் திட்டவில்லை.
பூட்ஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்,
ஓரத்தில் வெள்ளிநிறக் கீறலோடு.
இப்போது ஸ்கேல் இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை.

ஜிப்பின் நாக்கு உலோகமாக இருந்தால் கழித்துவிடுவேன்.
அதை உதட்டால் கவ்வி இழுத்துப் பார்த்தது யார்
என்று கேட்க வேண்டாம்.

எல்லோருக்கும் கறுப்பு வேண்டுமாம்.
ஆரஞ்சில் சாலை போடுகிறவர்கள் மாதிரி இருக்கிறார்களாம்.
ஆரஞ்சே வாங்கினேன்.
காகம் கறுப்பாகப் பறக்கலாம்,
காகத்தைத் தேடி யாரும் ஹெலிகாப்டர் அனுப்புவதில்லை.

சஸ்கிலானா மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.
பறக்கிற நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள்,
ஐந்து அடுக்கை அவிழ்க்கப் பயந்து.
வறண்ட உடம்பு சீக்கிரம் விறைக்கும்.
பின்பக்கம் திறக்கிற கால்சட்டை கேட்டு
பதினாறு கம்பெனிகளுக்கு எழுதினேன்.
ஒன்றிலிருந்து பதில் வந்தது:
குழந்தைகள் அளவில் இருக்கிறது.
அவள் இடுப்பளவை எழுதி
'விமானி' என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு
மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

யாகுத்ஸ்கிலிருந்து கணக்கர் பொலிகார்ப் கேட்கிறார்:
மலிவானதை ஏன் எடுக்கவில்லை?
சோதித்தது எந்த ஆய்வகம்?
பதிலுக்குச் சின்னதாக ஒரு கட்டம்.
'நாற்காலி' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
'கோட்டு எண் ஏழு' என்று எழுதினேன்.

அதுதான் மலிவானது.
அதற்குள் இருபதாவது நிமிடம் குளிர் நின்றுபோனது.
நல்ல கோட்டு என்று நினைத்தேன்.
பிறகு தூக்கம் வந்தது,
பால் மாதிரி, கனமாக, யாரோ போர்த்திவிடுகிற மாதிரி.
தீப்பெட்டி எதற்கு என்பதே மறந்துவிட்டது.
கிடங்கு நாய் வந்து முழங்காலை முட்டியது.
முட்டியிராவிட்டால்?
இதை எழுத
கட்டத்தில் இடமில்லை.

இன்று காலை விமானம் ஓடுபாதைக்குத் திரும்பியது.
கண்ணாடிக்குப் பின்னால் நிர்கூன் கையசைத்தான்.
பனியனோடு.
நான் கையசைக்கவில்லை.
போடு, போடு என்று சைகை காட்டினேன்,
இன்ஜின் இரைச்சலில் வாய்விட்டும் கத்தினேன்.
அவன் தலையை ஆட்டினான், ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை.
பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

அந்த ஒரு கை மட்டும்
ஆரஞ்சு.